புலி வந்தது, பையன் பார்க்கவில்லை: உயிரியல் பூங்கா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

உயிரியல் பூங்காக்களை நடத்துபவர்களுக்கும், அங்கே கல்விப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் வணக்கம்.

மொபைல் கேம் செய்வதுதான் என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன்பு நானும் நண்பர்கள் மூவரும் ஒரு பூங்காவுக்காக ஒரு கேம் செய்து கொடுத்தோம். எந்தப் பூங்கா என்பது இங்கே தேவையில்லை. தப்பு பெரும்பாலும் எங்களுடையது. இருபது விலங்குகள், ஒவ்வொன்றின் அடைப்புக்கு முன்னாலும் ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் ஒரு கேள்வி வரும். சரியாகச் சொன்னால் அந்த விலங்கின் கார்ட்டூன் படம் உங்கள் ஆல்பத்தில் சேரும். இருபதையும் சேர்த்துவிட்டால் தங்கப் பதக்கம். தொடக்க விழாவில் எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்ப் புலி அடைப்புக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எட்டு வயது இருக்கும், ஒரு பையன் ஓடி வந்தான், ஸ்கேன் செய்தான். புலியின் வரிகள் எதற்கு உதவுகின்றன என்று நான் எழுதிய கேள்வி திரையில் வந்திருக்கும். அவன் குனிந்த தலை நிமிராமல் விடைகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துப் புதருக்குள்ளிருந்து புலி எழுந்து வந்தது. கண்ணாடிக்கு மிகப் பக்கத்தில் இருந்த தொட்டியில் குனிந்து தண்ணீர் குடித்தது. நாக்கின் நுனி பின்பக்கமாகச் சுருண்டு, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு மேலே இழுத்தது. அரை நிமிடம் இருக்கும். "வந்துடுச்சு!" என்று பையன் கத்தினான். வந்தது ஆல்பத்துக்குக் கார்ட்டூன் புலி. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரடியைத் தேடி ஓடிவிட்டான். தண்ணீர் குடித்த புலி திரும்பிப் புதருக்குள் போனது.

அதற்குப் பிறகும் எங்களைத் தேடி வரும் பூங்காக்கள் கையோடு கொண்டுவரும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். கியூஆர் கோடு, வினாடி வினா, பதக்கம், அப்புறம் கேமராவைத் திருப்பினால் தரையில் குதித்து விளையாடும் ஒரு முப்பரிமாணச் சிங்கக்குட்டி. நிஜச் சிங்கம் இருபதடி தூரத்தில் படுத்திருக்கிறது. அதன் எதிரில் நின்றுகொண்டு போனுக்குள் வேறொரு சிங்கத்தைக் காட்டச் சொல்கிறீர்கள். இந்த மடலை எழுத வைத்தது அந்தக் குட்டிதான்.

கேமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சொன்னால் என் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகும். கேமுக்கு உள்ள பலம் சாதாரணமானதல்ல. 2002-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆன்ட்ரூ பால்ம்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். பிரிட்டனில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டு வகைப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டிருந்தார்கள். ஒன்று அந்த நாட்டில் சாதாரணமாகத் தென்படும் செடிகளும் பூச்சிகளும் விலங்குகளும், மற்றது போக்கிமான் என்ற கேமில் வரும் கற்பனைப் பிராணிகள். எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமானில் 80 சதவீதம் அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். நிஜ உயிரினங்களில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆக, நூற்றுக்கணக்கான பெயர்களையும் உருவங்களையும் மனதில் ஏற்றிக்கொள்ளக் குழந்தைகளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. யாராவது அதை விளையாட்டாக ஆக்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்தச் சுகத்தைத்தான் கேமுக்குள் கொண்டுபோனார். நாம் அதைத் திரும்பப் பூச்சியிடமே கொண்டுவரப் பார்க்கிறோம், வழியில் எங்கேயோ தவறவிடுகிறோம்.

2016 ஜூலையில், தெருவில் நடந்து திரிந்து போக்கிமான்களைப் போனில் பிடிக்கும் போக்கிமான் கோ என்ற கேம் வந்தபோது வீட்டை விட்டு நகராதவர்கள்கூட மைல் கணக்கில் நடந்தார்கள். கேமால் ஆளை நடக்க வைக்க முடியும் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது. அதே மாதம் அமெரிக்காவின் டோலிடோ உயிரியல் பூங்காவில் இரண்டு பேர் நள்ளிரவு தாண்டி வேலி ஏறிக் குதித்துப் புலி அடைப்புக்குப் பக்கத்தில் போக்கிமான் தேடி, போலீஸில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே நிஜப் புலி இருந்தது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. சிரிப்பு வருகிறது. ஆனால் என் கேமில் அந்தப் பையனுக்கு நடந்ததும் பகல் வெளிச்சத்தில் நடந்த இதே கதைதான்.

பதக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பாடம். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி தந்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆசைக்குக் கூலி கொடுத்ததும் அது வேலையாகிவிட்டது. உங்கள் வாசலுக்கு வரும் குழந்தையை இழுத்து வந்ததே விலங்கின் மீதுள்ள ஆசைதான். அதற்கு மேல் பாயிண்ட் வைத்து எதை வாங்கப் பார்க்கிறோம்?

கார்ட்டூனில் வேறொரு சிக்கல். சிகாகோவில் லிங்கன் பார்க் உயிரியல் பூங்காவின் ஸ்டீபன் ராஸும் மற்றவர்களும் பார்வையாளர்களிடம் கேட்டுப் பார்த்து 2008-ல் எழுதினார்கள். கொரில்லாவும் ஒராங்குட்டானும் அழிவின் விளிம்பில் இருப்பது பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தது. சிம்பன்சி என்று வந்ததும் அந்த எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. பலர் சொன்ன காரணம், சிம்பன்சியைத்தான் டிவியிலும் சினிமாவிலும் விளம்பரத்திலும் எப்போதும் பார்க்கிறோமே என்பது. சட்டை போட்டுச் சிரிக்கும் சிம்பன்சியை அடிக்கடி பார்த்தால், காட்டிலும் அது நிறைய இருப்பதாக மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. இருபது வகைக் குட்டிகள் துள்ளும் ஆல்பத்தைக் குழந்தையின் கையில் கொடுப்பதும் அந்தக் கணக்குக்கு எண்ணெய் ஊற்றுவதுதான்.

சரி, பிறகு என்ன செய்வது என்று கேட்பீர்கள்.

நீங்கள் தினமும் செய்யும் வேலையே ஒரு கேம்தான். அதை ஏன் வெளியே காட்ட மாட்டேன் என்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கலிஃபோர்னியா கான்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கையை விரித்தால் ஏறக்குறைய மூன்று மீட்டர். 1982-ல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம். முதல் லெவல் இங்கே தொடங்கட்டும்: எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டுக்குக் கொண்டுவருவதா, காட்டிலேயே விட்டுக் காப்பாற்றுவதா? இது கற்பனைக் கேள்வி அல்ல. பறவை ஆர்வலர்களே அன்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். 1987-ல் கடைசிப் பறவையையும் பிடித்தபோது மொத்தம் 27. சான் டியாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் வைத்து இனப்பெருக்கம் தொடங்கினார்கள்.

அடுத்த லெவல் முட்டை. கான்டோர் ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். அதை எடுத்து இன்குபேட்டரில் வைத்துவிட்டால் தாய் இன்னொன்று இடும். எடுக்கிறீர்களா? எடுத்தால் குஞ்சை வளர்க்க வேண்டியது நீங்கள். அங்கே காப்பாளர்கள் ஒரு கையில் கான்டோரின் தலை மாதிரியே செய்த பொம்மையை உறைபோல மாட்டிக்கொண்டு, தடுப்புக்குப் பின்னால் ஒளிந்து நின்று குஞ்சுக்கு ஊட்டினார்கள். மனித முகத்தைப் பார்த்துவிட்டால் அது மனிதரையே தன் இனம் என்று எடுத்துக்கொள்ளும். இதை ஒரு விரல் விளையாட்டாக நினைத்துப் பாருங்கள். திரையில் பொம்மைத் தலை மட்டும் தெரிய வேண்டும். உங்கள் நிழல் பட்டால்கூடப் போச்சு. அப்புறம் வெளியே விட வேண்டும். 1992-ல் விட்ட முதல் பறவைகளில் சில மின்கம்பியில் மோதிச் செத்தன. அதனால் கூண்டுக்குள்ளேயே பொய்க் கம்பம் நட்டு, உட்கார்ந்தால் லேசாக ஷாக் அடிக்கும்படி செய்து பழக்கினார்கள். எல்லாம் சரியாகச் செய்த பிறகும் பறவை செத்துப்போகும், ஏனென்றால் வேட்டையாடியவர் விட்டுப்போன இறைச்சியில் ஈயக் குண்டின் துணுக்கு இருந்தது. இந்த இடத்தில் விளையாடுபவருக்கு அழுத்த ஒரு பட்டனும் இருக்கக் கூடாது. சுட்டவர் கையில் என்ன குண்டு இருந்தது என்பது காப்பாளரின் கையில் இல்லை. 2019-ல்தான் கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு முழுவதும் தடையானது. இன்றைக்கு 500-க்கு மேற்பட்ட கான்டோர்கள் இருக்கின்றன, பாதிக்கு மேல் வெளியே பறக்கின்றன.

இதில் கார்ட்டூன் எங்கே தேவைப்பட்டது?

அரேபிய ஓரிக்ஸ் மான் இன்னொரு கதை. 1960-களின் தொடக்கத்தில் அங்கங்கே இருந்து திரட்டி ஃபீனிக்ஸ் உயிரியல் பூங்காவில் சேர்த்த ஒன்பது விலங்குகள்தான் அந்த மந்தையின் ஆரம்பம். 1972-ல் காட்டில் இருந்த கடைசி ஓரிக்ஸும் சுடப்பட்டது. 1982-ல் ஓமானில் திரும்ப விட்டார்கள். ஒன்பதை நூற்றுக்கணக்காக்க வேண்டும், நெருங்கிய உறவில் ஜோடி சேரவும் விடக் கூடாது. வம்சாவளிப் பதிவேட்டை வைத்துக்கொண்டு யாருக்கு யார் என்று நீங்கள் போடும் கணக்கைவிட நல்ல புதிர் விளையாட்டை என்னால் வடிவமைக்க முடியாது. ஓமானில் 1990-களில் கள்ள வேட்டை மீண்டும் தலைதூக்கி மந்தை சரிந்தது. ஜெயித்தாச்சு என்று திரையில் பட்டாசு வெடிக்க முடியாத கேம் இது. எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த இரண்டும் வரிசையில் நிற்கும்போதும், வீட்டுக்குப் போகும் வழியிலும் விளையாட வேண்டியவை. அடைப்புக்கு முன்னால் நிற்கும்போது கேம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயை மூடிக்கொள்வது. எங்கள் இரண்டாவது முயற்சியில் அதைத்தான் செய்தோம். நீர்நாய் அடைப்புக்குப் போனால் திரையில் ஒரே ஒரு வரி வரும்: போனைக் கவிழ்த்துப் பிடி, நீர்நாய் எத்தனை தடவை மூச்சு வாங்க மேலே வருகிறது என்று எண்ணு. போன் கவிழ்ந்திருப்பதை அதன் சென்சாரே தெரிந்துகொள்ளும். நிமிர்த்தினால் ஆட்டம் நின்றுவிடும். இரண்டு நிமிடம் கழித்து அது ஒரு முறை அதிரும். அப்போதுதான் எண்ணைப் போட வேண்டும். சோதனை நாளில் ஒரு தாத்தாவும் பேத்தியும் நின்றார்கள். அவர் ஆறு என்றார், அவள் ஏழு என்றாள். "அந்தக் கல்லுக்குப் பின்னாடி ஒரு தடவை வந்துச்சு தாத்தா, நீங்க பாக்கல." சண்டை தீரவில்லை, இன்னொரு ஆட்டம் போட்டார்கள். மூன்றாவது ஆட்டத்தில் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார் தாத்தா. கேம் வடிவமைப்பவருக்கு இது தோல்வி என்று என் நண்பர் சொன்னார். எனக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம்.

இப்படி எண்ணுவது உங்களுக்குப் புதிதல்ல. விலங்கு எந்த நிமிடத்தில் என்ன செய்கிறது என்று குறிப்பெடுப்பது காப்பாளர்களின் பழைய பழக்கம். லிங்கன் பார்க் பூங்கா அதற்கென்றே ஜூமானிட்டர் என்ற செயலியை உருவாக்கியிருக்கிறது. பார்வையாளர்கள் எண்ணியதை நம்ப முடியுமா என்று தயங்குவீர்கள். தனி ஆளை நம்ப வேண்டாம். ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் 225 தானியங்கிக் கேமராக்கள் எடுத்த படங்களை 28,000-க்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் வலைவழியே பார்த்து, எந்த விலங்கு என்று குறித்தார்கள். ஒரு படத்தைப் பல பேர் பார்த்து, பெரும்பாலோர் சொன்னதை எடுத்துக்கொண்டபோது வல்லுநர்களின் முடிவோடு அது நன்றாகவே பொருந்தியது. ஒரே மதியத்தில் நீர்நாயை ஐம்பது பேர் எண்ணினால், அது உங்கள் கால்நடை மருத்துவருக்கே உதவக்கூடும். அப்படி உதவினால் அதைத் திரும்ப வந்து அவர்களிடம் சொல்லுங்கள். பதக்கத்தைவிட அது பெரிது.

இனி கையில் இருக்கும் போனுக்கு வருவோம். பாதுகாப்பைப் பற்றிப் பேச அதைவிடச் சிறந்த காட்சிப்பொருள் உங்கள் பூங்காவில் இல்லை. அதற்குள் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் குட்டிக் கெபாசிட்டர்களுக்கு டான்டலம் என்ற உலோகம் வேண்டும். டான்டலம் கோல்டான் என்ற தாதுவிலிருந்து வருகிறது. கோல்டான் தோண்டும் இடங்களில் ஒன்று கிழக்குக் காங்கோ. கிரௌவர் கொரில்லாக்கள் வாழ்வதும் அங்கேதான், சுரங்க முகாம்களில் இறைச்சிக்காகச் சாவதும் அங்கேதான். 2016-ல் அவை மிக அருகிய நிலைக்குத் தள்ளப்பட்டன. ஆஸ்திரேலியாவில் உயிரியல் பூங்காக்களை நடத்தும் ஜூஸ் விக்டோரியா (Zoos Victoria) என்ற அமைப்பு இதைப் பிடித்துக்கொண்டு, பார்வையாளர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன்களைக் கொடுக்கும்படி இயக்கம் நடத்தியது. கொரில்லாவுக்கு முன்னால் நிற்கும்போது கேம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: உன் வீட்டு டிராயரில் எத்தனை பழைய போன் கிடக்கிறது? அடுத்த தடவை வரும்போது கொண்டுவந்து போட வாசலில் ஒரு பெட்டி இருக்கட்டும்.

இப்படி முடிவில் ஒரு காரியம் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு பல நாடுகளில் 26 பூங்காக்களுக்கும் மீன்காட்சியகங்களுக்கும் வந்தவர்களை, உள்ளே போவதற்கு முன்பும் வெளியே வந்த பிறகும் கேள்வி கேட்டது. பல்லுயிர் என்றால் என்ன என்பது வரும்போதே ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்குத் தெரிந்திருந்தது, போகும்போது 75. அதைக் காப்பாற்றத் தன்னால் என்ன செய்ய முடியும் என்பது வரும்போது பாதிப் பேருக்குத்தான் தெரிந்தது. போகும்போது அது 59-க்குப் பக்கத்தில் போனது. பள்ளம் எங்கே இருக்கிறது பாருங்கள். புலியின் எடை எவ்வளவு, ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு எவ்வளவு நீளம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது பள்ளம் இல்லாத இடத்தில் மண் கொட்டுவது.

கேம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதிலும் கொஞ்சம் நேர்மை வேண்டும். எத்தனை பேர் இறக்கினார்கள், எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள் என்பதை அறிக்கையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அமெரிக்கப் பூங்காக்கள் 2007-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு, பூங்காவுக்கு வருவதால் மக்களின் மனப்பான்மை மாறுகிறது என்றது. அந்த ஆய்வு முறையிலேயே ஓட்டை இருக்கிறது என்று நரம்பியல் விஞ்ஞானி லோரி மரினோவும் சிலரும் 2010-ல் எழுதினார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. கேமைக் காட்டி அதே வம்பில் மறுபடியும் மாட்டிக்கொள்ளாதீர்கள். கேம் விளையாடியவர், விளையாடாதவர் இருவரையும் மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள். முடிவு மோசமாக வந்தாலும் வெளியிடுங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. நெட் இல்லாமலும் ஓட வேண்டும். பேட்டரியைக் குடிக்கக் கூடாது; மதியம் இரண்டு மணிக்குப் போன் செத்தால் குடும்பமே உங்களைத் திட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு போன் போதும்படி செய்யுங்கள், போனே இல்லாதவருக்கு அதே ஆட்டம் ஒரு தாளில் இருக்கட்டும். இரவுப் பிராணிகள் இருக்கும் கூடத்தில் கேம் கேமராவையே திறக்கக் கூடாது. குழந்தையின் பெயரையும் வயதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். விலங்கு அன்றைக்கு வெளியே வரவில்லை என்றால், வரவில்லை என்று கேம் சொல்லட்டும். ஆட்டத்துக்காக அதைத் தட்டி எழுப்பாதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. எங்களைப் போன்ற யாரிடமாவது ஒப்பந்தம் போடுவதற்கு முன்பு, உங்கள் பூங்காவில் கூட்டம் அதிகம் கூடும் ஓர் அடைப்பின் எதிரில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருங்கள். வருபவர்களில் எத்தனை பேர் விலங்கைப் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கேம் வந்த பிறகு அதே பெஞ்சில், அதே நேரத்தில், அதே நோட்டோடு மறுபடியும் உட்காருங்கள். எண் குறைந்திருந்தால் எங்களுக்குப் பாக்கிப் பணம் தர வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். நான் கையெழுத்துப் போடத் தயார்.

இப்படிக்கு,
புலிக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கேம் வடிவமைப்பாளர்